நட்சத்திரமா... இல்ல, கேமரா கோளாறா?

ஒரு சின்ன டெஸ்ட், மக்கா! இன்னைக்கு ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு, உங்க மொபைல் கேமராவின் கண்ணை விரலால் இறுக்கமா மூடிக்கோங்க. 'ப்ரோ' மோடுக்குப் போய் எக்ஸ்போஷரை 30 செகண்டுக்கு ஏத்துங்க. ஐ.எஸ்.ஓ.வையும் உச்சத்துல வைங்க. க்ளிக்! இப்போ அந்தக் கறுப்புப் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. அங்கங்க சிவப்பு, பச்சை, நீலம்னு குட்டிக் குட்டிப் புள்ளிகள் மினுக்கும். உங்க விரலுக்குப் பின்னால ஏது நட்சத்திரம்?

அது கேமரா விடும் கப்சா. விண்வெளி ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரு 'ஹாட் பிக்சல்'. சில ஆயிரம் ரூபா மொபைல்ல மட்டுமில்ல, கோடிகளைக் கொட்டிக் கட்டின டெலஸ்கோப்புகளின் கேமராவிலும் இதே தொல்லைதான். அங்கே இதைவிடப் பெரிய பெரிய தொல்லைகளும் உண்டு. ஆச்சரியம் என்னன்னா, அந்தக் கோளாறுகளை யாரும் மறைக்கிறதில்லை. பட்டியல் போட்டு, நம்பர் கொடுத்து, அடுத்து வர்றவன் படிக்கிற மாதிரி எழுதி வைக்கிறாங்க!

வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல ஒரு டிரைவர் வண்டியை அடுத்த டிரைவர்கிட்ட ஒப்படைக்கும்போது என்ன சொல்வார்? "அண்ணாச்சி, ரெண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ரெண்டு மிதி மிதிச்சுப் போடுங்க." அவ்வளவுதான் மேட்டர். வண்டியில குறை இருக்கு. ஆனா குறை என்னன்னு தெரிஞ்சுபோச்சு. ஸோ, வண்டி ஓடும். டெலஸ்கோப் உலகத்துல இதுக்குப் பேரு 'தெரிந்த கோளாறுகள்' பட்டியல்.

குமரிக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. கன்னியாகுமரி இருக்கிறது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 8 டிகிரியில். டெல்லிக்காரன் அடிவானத்தைத் தடவித் தேட வேண்டிய தென் வானம் நமக்கு நல்லாவே தெரியும். ஏப்ரல், மே ராத்திரிகளில் கடல் பக்கமா தெற்கே பாருங்க. சதர்ன் கிராஸ்ங்கிற சிலுவைக் கூட்டம் அடிவானத்துக்கு மேல 20 டிகிரியையும் தாண்டி ஏறி நிக்கும். கையை நீட்டி ஒரு சாண் விரிச்சா வர்ற உயரம். பதிலுக்கு துருவ நட்சத்திரம் வடக்கே வெறும் 8 டிகிரி உயரத்துல, தென்னை மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்.

ஆனா நமக்கு ரெண்டு பருவ மழை. உப்புக் காத்து வேற. முட்டத்துல ஒரு சைக்கிளை ஒரு வருஷம் வெளியே விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் தமிழ்நாட்டின் பெரிய டெலஸ்கோப்புகள் கடலை விட்டுத் தள்ளி, மலைமேல போய் உக்காந்திருக்கு. சூரியனைப் பார்க்க கொடைக்கானல். நட்சத்திரம் பார்க்க ஜவ்வாது மலையில் காவலூர். 1986 ஜனவரி 6-ம் தேதி வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் நிக்குது.

இதுக்கு ஒரு பழைய குடும்பக் கதையும் உண்டு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்த காலத்துல, 1837-லேயே திருவனந்தபுரத்துல வானாய்வுக் கூடம் வந்துருச்சு. பிறகு அங்கே பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் புரூன், 1850-களில் அகஸ்திய மலை உச்சியில காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்கக் கருவி கொண்டுபோய் வெச்சார். ஓயாத மழை, ஈரம், காட்டு வழி. ஆக, கருவியோட மல்லுக்கட்டுறது நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்லை!

சித்தாள் வரிசை!

சரி, இந்த கேமரா எப்படி வேலை செய்யுது? பேரு சி.சி.டி. 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. 2009-ல் அதுக்காக நோபல் பரிசும் வாங்கினாங்க.

வீட்டுக்கு கான்கிரீட் போடுறதைப் பார்த்திருப்பீங்க. சித்தாள்கள் வரிசையா நின்னு சட்டியை ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாத்துவாங்கல்ல? சி.சி.டி.யும் அதே டெக்னிக்தான். சில்லு முழுக்க லட்சக்கணக்கான குட்டிச் சட்டிகள். அதுதான் பிக்சல். நட்சத்திர ஒளி விழ விழ ஒவ்வொரு சட்டியிலும் எலெக்ட்ரான் சேரும். ஷட்டர் மூடினதும், வரிசை வரிசையா சட்டி கைமாறிக் கீழே வரும். கடைசியில ஒரு மூலையில தராசு. அங்கே ஒவ்வொண்ணா எடை போட்டு கம்ப்யூட்டருக்கு நம்பர் போகும். அந்த நம்பர்களின் கூட்டம்தான் நாம பார்க்கிற படம்.

இந்த வரிசையில எங்கெல்லாம் தப்பு நடக்கலாம்? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

சட்டியின் சொந்த எடை: ஒளியே விழலைன்னாலும் தராசு பூஜ்யம் காட்டாது. ஒரு அடிப்படை எண் எப்பவும் இருக்கும். அதுக்குப் பேரு 'பயஸ்'. ஷட்டரைத் திறக்காம, பூஜ்ய செகண்டுக்குப் படம் எடுத்து அதைக் கழிச்சிருவாங்க.

சூட்டுல வர்ற பொய்: சில்லு சூடா இருந்தா, ஒளி இல்லாமலே எலெக்ட்ரான் ஊறும். இதுதான் டார்க் கரன்ட். உங்க விரல் டெஸ்ட்ல பார்த்த புள்ளிகளின் அண்ணன். மருந்து? குளிரூட்டுறது! மைனஸ் 196 டிகிரியில கொதிக்கிற திரவ நைட்ரஜனை ஊத்தி, சில்லை மைனஸ் 100 டிகிரி வாக்கில வைக்கிறது வழக்கம். நைட்ரஜன் தீர்ந்துபோனா நடு ராத்திரியில கேமராவுக்குக் காய்ச்சல் வந்துரும். அதனால குறிச்ச நேரத்துக்கு ரீஃபில் பண்ணியே ஆகணும்.

தூங்குற சித்தாள்: வரிசையில ஒருத்தர் சொதப்பினா, அவர் வழியா வர்ற அத்தனை சட்டியும் கெட்டுப்போகும். படத்துல மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு விழும். இது 'பேட் காலம்'. எந்தக் கோடுன்னு பட்டியல்ல எழுதியிருக்கும். உங்க நட்சத்திரத்தை அந்தக் கோட்டுமேல வைக்காதீங்க, அவ்வளவுதான்.

வழியுற சட்டி: ரொம்பப் பிரகாசமான நட்சத்திரம்னா சட்டி நிரம்பி பக்கத்துச் சட்டிக்கு வழியும். நட்சத்திரத்துக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி இருக்கும். தராசுக்கும் ஒரு எல்லை உண்டு. 16 பிட் கருவின்னா 65,535. அதுக்கு மேல எவ்வளவு ஒளி வந்தாலும் அதே நம்பர்தான். அந்த நட்சத்திரத்தோட உண்மையான பிரகாசம் கோவிந்தா!

சட்டி சைஸ் வித்தியாசம்: எல்லாச் சட்டியும் ஒரே அளவு இல்லை. கண்ணாடியில ஒரு தூசி இருந்தாலே படத்துல ஒரு உளுந்த வடை விழும், நடுவுல ஓட்டையோட! சாயங்கால வானத்தையோ, கூரைக்குள்ள இருக்கிற வெள்ளைத் திரையையோ படமெடுத்து, அதை வெச்சு வகுத்தா சரியாயிரும். இதுக்குப் பேரு 'ஃப்ளாட்'.

வானத்துக் கல்லெறி: விண்வெளியிலிருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள் சில்லுமேல அடிச்சா, புத்தம்புது நட்சத்திரம் மாதிரியே ஒரு புள்ளி. ஆனா அடுத்த படத்துல இருக்காது. அதனால ஒரே இடத்தை மூணு, நாலு தடவை எடுத்து ஒப்பிடணும்.

வரிவரியா கோலம்: சிவப்பு ஒளியில படமெடுத்தா, மெல்லிய சில்லுக்குள்ள ஒளி முன்னும் பின்னும் எதிரொலிச்சு, தண்ணியில எண்ணெய் மிதக்கிற மாதிரி அலை அலையா கோலம் விழும். அந்தக் கோலத்தைத் தனியா படமெடுத்து வெச்சுக்கிட்டு, அப்புறம் கழிப்பாங்க.

ஸோ, ஃபார்முலா சிம்பிள். பயஸைக் கழி, டார்க்கைக் கழி, அப்புறம் ஃப்ளாட்டால் வகு. ஸ்கூல் கணக்குதான். ஆனா இதுல கோட்டை விட்டா என்ன ஆகும் தெரியுமா? சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால வியாழன் சைஸ் கிரகம் ஒண்ணு கடந்துபோனா, நட்சத்திரத்தோட ஒளி சுமார் 1 சதவிகிதம்தான் குறையும். உங்க ஃப்ளாட்ல 1 சதவிகிதம் தப்பு இருந்தா? இல்லாத கிரகத்தைக் கண்டுபிடிச்சுட்டதா ஊரெல்லாம் சொல்லி, அப்புறம் அசடு வழிய வேண்டியதுதான்!

கன்ட்ரோல் ரூமில் கலாட்டா

கேமரா ஒரு பக்கம்னா, அதை இயக்குற 'கன்சோல்' இன்னொரு பக்கம். ராத்திரி மூணு மணி. கண்ணு சொருகுது. முன்னால நாலு மானிட்டர். இங்கே நடக்கிற தப்புகளுக்குத்தான் காரம் ஜாஸ்தி.

முதல்ல கடிகாரம். வானியல்ல எல்லாமே உலகப் பொது நேரத்துலதான் குறிப்பாங்க. நம்ம நேரத்துல 5 மணி 30 நிமிஷத்தைக் கழிச்சா அது. அதாவது, நமக்கு விடிகாலை 5.30 ஆகும்போதுதான் அங்கே தேதி மாறும். 5.25-க்கு எடுத்த படத்துல ஒரு தேதி, 5.35-க்கு எடுத்த படத்துல இன்னொரு தேதி! தெரியாதவன் பார்த்தா ஒரே ராத்திரி ரெண்டா உடைஞ்சுபோகும்.

அடுத்தது லேபிள் தகராறு. ஒவ்வொரு படத்தோட தலையிலும் எந்த நட்சத்திரம், எந்த ஃபில்டர், எத்தனை செகண்ட்னு கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். 1981-லிருந்து உலகம் பூரா இதுக்கு 'ஃபிட்ஸ்'னு ஒரே ஃபார்மேட். ஆனா டெலஸ்கோப்பைத் திருப்பிட்டு, பேரை மாத்த மறந்துட்டா? படம் ஒண்ணு, பேரு வேறொண்ணு. ஃபில்டர் சக்கரம் பாதியில நின்னுட்டு 'நான் சரியான இடத்துலதான் இருக்கேன்'னு கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுத்துட்டா? போச்சு!

இன்னும் இருக்கு. நட்சத்திரத்தைத் துரத்திப் பிடிக்கிற 'கைடர்' ஒரு மேகத் துணுக்கு வந்ததும் இலக்கைத் தவற விட்டுட்டு, பக்கத்து நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கும். ராத்திரி குளிர ஏற குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும். ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சுபோய் கடைசிப் படம் சேவ் ஆகாது. கன்ட்ரோலர் ஹேங்க் ஆனா எதை முதல்ல ஆஃப் பண்ணணும், எதை அப்புறம் ஆன் பண்ணணும்னு ஒரு வரிசை இருக்கும். அதை மாத்தினா ராத்திரியே காலி. டெலஸ்கோப் நேரம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைக்கிறதே சில ராத்திரிகள்தான். அதுல மேகம் பாதியைத் தின்னும். மீதியை ஒரு ஹேங்க் தின்னா, அவரோட பிஹெச்.டி. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். இப்போ புரியுதா, அந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய உதவின்னு?

லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா டெலஸ்கோப்போட கதை இன்னும் சுவாரஸ்யம். 2000-ல் முதல் ஒளி கண்ட அதை, 2001-லிருந்து பெங்களூர் பக்கத்துல ஹோஸ்கோட்டேயில் உக்காந்து சாட்டிலைட் வழியா இயக்குறாங்க. டெலஸ்கோப் பனிமலையில, கன்சோல் கர்நாடகத்துல! 'கேமராகிட்ட போய் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம்'கிற வித்தை இங்கே செல்லாது. எழுதி வெச்ச குறிப்புதான் கை, கால் எல்லாமே.

ஹப்பிளுக்கும் சறுக்கும்

ஆனைக்கும் அடி சறுக்கும் இல்லையா? விண்வெளியில சுத்துற ஹப்பிள் டெலஸ்கோப்புல 2002-ல் மாட்டின 'ஏ.சி.எஸ்.' கேமரா, 2007 ஜனவரியில் மின்கோளாறுல படுத்துருச்சு. 2009 மே மாசம் விண்வெளி வீரர்கள் மேலே போய், பெட்டியைத் திறந்து, சர்க்யூட் போர்டு மாத்தி உயிர் கொடுத்தாங்க. அப்பவும் முழுசா இல்லை. கேமராவின் மூணு பிரிவுகள்ல ஒண்ணு திரும்ப வரவே இல்லை. திரும்ப வந்த பிரிவோட படங்கள்ல மெல்லிசா பட்டை பட்டையா ஒரு புதுக் கோளாறு! விஞ்ஞானிகள் என்ன பண்ணாங்க? அந்தப் பட்டையை அளந்து, நீக்க சாஃப்ட்வேர் எழுதி, கையேட்டுல சேர்த்துட்டாங்க. கதிர்வீச்சு அடிச்சு அடிச்சு, சட்டி கைமாறும்போது எலெக்ட்ரான் சிந்துறதும் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. எவ்வளவு சிந்துதுன்னு கணக்கு இருக்கு. திருத்தமும் இருக்கு. கேமரா ஓடுது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப் கூத்து அதைவிட ஜோர். 1998-லிருந்து அங்கங்க மர்ம சிக்னல்கள் வந்துச்சு. 'பெரிட்டான்'னு பேரெல்லாம் வெச்சாங்க. தொலைதூர அண்டங்கள்லேருந்து வர்ற நிஜமான ரேடியோ வெடிப்புகள் மாதிரியே இருந்ததால, அந்த நிஜங்கள் மேலேயே சந்தேகம். கடைசியில 2015-ல் திருடன் பிடிபட்டான். யாருன்னு நினைக்கிறீங்க? அங்கிருந்த மைக்ரோவேவ் அடுப்பு! சூடாகி முடியறதுக்குள்ள அவசரப்பட்டு யாரோ கதவைத் திறந்தா, அந்தச் சமயத்துல வெளியே வர்ற அலைதான் மர்ம சிக்னல். சாப்பாட்டு அவசரம்! ஆனா கவனிங்க... பொய் எதுன்னு தெரிஞ்ச பிறகுதான், நிஜம் நிஜம்னு உறுதியாச்சு.

காவலூரில் ஒரு ராத்திரி

இப்போ நம்ம ஊர் கதை. 1977 மார்ச் 10. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுது. காவலூர்ல 1 மீட்டர் டெலஸ்கோப்புல ஒளியை அளக்கிற கருவியை மாட்டி ஜே.சி.பட்டாச்சார்யாவும், குப்புசாமியும் காத்திருந்தாங்க. இந்தியப் பெருங்கடலுக்கு மேல பறந்த நாசா விமானத்துல ஜேம்ஸ் எலியட் குழுவும் காத்திருந்தது.

கிரகம் மறைக்கிறதுக்கு முன்னாலேயே, எதிர்பாராத நேரத்துல நட்சத்திர ஒளி ஒரு சில செகண்ட் டக்குனு இறங்கி ஏறுச்சு. என்ன இது? மேகமா? கருவி நகர்ந்துபோச்சா? விமானத்துல இருந்தவங்களுக்கே முதல்ல அந்தச் சந்தேகம் வந்தது. 'கோளாறு'ன்னு அடிச்சுத் தள்ளியிருந்தா கதை முடிஞ்சது. ஆனா ரெண்டு பக்கமும் யாரும் தள்ளலை. காவலூர்க்காரங்க அதை யுரேனஸின் புது நிலாவா இருக்கலாம்னு எழுதினாங்க. எலியட் குழு, கிரகத்துக்கு ரெண்டு பக்கமும் அதே மாதிரி இறக்கங்கள் ஜோடி ஜோடியா இருக்கிறதைப் பார்த்து, 'இது வளையம்'னு முடிவு கட்டினாங்க. சனிக்கு அடுத்தபடியா வளையம் கண்டுபிடிக்கப்பட்ட கிரகம் யுரேனஸ்தான். அதுக்கான சாட்சிகள்ல ஒண்ணு ஜவ்வாது மலையிலேருந்து வந்தது!

இதுல நமக்கு என்ன பாடம்? தன் கருவி எப்படியெல்லாம் பொய் சொல்லும்னு அத்துப்படியா தெரிஞ்சவனாலதான், 'இது கருவியோட பொய் இல்லை, வானமே ஏதோ சொல்லுது'ன்னு தைரியமா சொல்ல முடியும். கோளாறுப் பட்டியல்ங்கிறது வெறும் குறைகளின் லிஸ்ட் இல்லை. கண்டுபிடிப்பைப் பிடிக்கிற வலை.

நீங்க என்ன பண்ணலாம்?

டெலஸ்கோப் வேணுமே, லட்சம் வேணுமேன்னு யோசிக்காதீங்க. நாஞ்சில் நாட்டுப் பையனோ பொண்ணோ, கையில ஒரு மொபைலும் ஒரு ஸ்டாண்டும் இருந்தா போதும்.

* மேகம் இல்லாத ராத்திரி, தெரு விளக்கு இல்லாத இடம். ஒரே நட்சத்திரக் கூட்டத்தை 10, 20 படம் எடுங்க.

* அதே எக்ஸ்போஷர்ல லென்ஸை மூடி 10 படம். இது உங்க டார்க். அங்கேயே, அந்தக் குளிரிலேயே எடுக்கணும். வீட்டுக்கு வந்து எடுத்தா செல்லாது.

* காலையில, சுத்தமான வெள்ளை டி-ஷர்ட்டை லென்ஸ் மேல இழுத்துக் கட்டி வானத்தை 10 படம். இது உங்க ஃப்ளாட்.

* 'சிரில்', 'டீப் ஸ்கை ஸ்டாக்கர்' ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர். கழிக்கிறதையும் வகுக்கிறதையும் அது பார்த்துக்கும்.

* கடற்கரைன்னா லென்ஸ்ல உப்பு படியும், பனி மூடும். அரை மணிக்கொரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. முடிச்சதும் மென்மையான துணியால துடைங்க.

* ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, நேரம், காத்து, மேகம், என்ன சொதப்பிச்சு, எப்படிச் சரி பண்ணீங்க... எல்லாத்தையும் எழுதுங்க. இந்தக் கடைசி பாயின்ட்தான் ரொம்ப முக்கியம்!

எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்க காதைக் கொஞ்சம் இங்கே கொடுங்க. டெலஸ்கோப் உலகம் பிசிக்ஸ்காரங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. குளிரூட்டி, கன்ட்ரோலர், சாஃப்ட்வேர், மோட்டார்னு பாதி வேலை இன்ஜினீயர்களோடது. காவலூரையும் ஹான்லேயையும் நடத்துற பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், 2023 செப்டம்பர் 2-ம் தேதி கிளம்பின ஆதித்யா எல்-1 விண்கலத்துக்கு சூரிய ஒளிவளையத்தைப் பார்க்கிற கருவியைச் செஞ்சு கொடுத்தது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினா மகேந்திரகிரியில ராக்கெட் இன்ஜினை டெஸ்ட் பண்றாங்க. அங்கேயும் இதே கதைதான். ஒவ்வொரு கோளாறையும் எழுதி, காரணம் கண்டுபிடிச்ச பிறகுதான் அடுத்த டெஸ்ட்.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்னைக்கு மத்தியானம், குமரியில சூரியன் வளையல் மாதிரி நின்ன கங்கண கிரகணம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்து 2031 மே 21-ம் தேதி இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியா வழியா போகப் போகுது. ஃபில்டர் இல்லாம சூரியன் பக்கம் கேமராவைத் திருப்பினா சில்லு கருகிரும். கண்ணுக்கும் அதே கதிதான். அதனால ஃபில்டர் கட்டாயம். மத்ததுக்கெல்லாம் இன்னும் டைம் இருக்கு. அதுக்குள்ள உங்க கேமரா சொல்ற அத்தனை பொய்யையும் அந்த நோட்டுல பிடிச்சுப் போட்டு வைங்க, மக்கா. அன்னைக்கு படத்துல விசித்திரமா ஒரு புள்ளி தெரிஞ்சா, பதற வேண்டாம். நோட்டைப் புரட்டுங்க. அதுல இல்லைன்னா, அடுத்த படத்தை எடுங்க!